‘இங்கே நிறுத்தாதீர்’ குழுவில் பேஸ் வாசித்தவள்

முப்பத்து மூன்று வயது வரை அவள் எந்த இசைக்கருவியையும் தொட்டதில்லை. அவளுடைய வேலை பல் செய்வது. மருத்துவர் இல்லை, மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, பல்லுக்கு மேல் மாட்டும் கேப், முழுப் பல் செட் எல்லாம் செய்துகொடுக்கும் லேபில் டெக்னீஷியன். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் பீங்கான் மாவைத் தொட்டுத் தொட்டு வைத்துப் பல்லாக்கி, உலையில் சுட்டெடுப்பாள். யாருடைய பல் என்று தெரியாது. பெட்டியின் மேல் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். முகமே தெரியாதவர்களுக்குப் பல் செய்வது ஒரு மாதிரி இல்லையா என்று யாராவது கேட்டால், தபால்காரருக்கு வாசல்படி மட்டும்தானே தெரியும் என்பாள்.

அவள் கணவனுக்குப் பேருந்துக் கம்பெனியில் வேலை. ஓட்டுநர் அல்ல, எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதுபவன். கிட்டார் பைத்தியம். அவனுடைய தம்பி செருப்புக் கடையில் விற்பனையாளன். சொந்தமாகப் பாட்டு எழுதுவான், பாடுவான். இவர்களோடு டிரம்ஸ் வாசிக்க ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் மனைவி உட்பட எல்லோரும் அவரை மெக்கானிக் என்றே கூப்பிட்டார்கள். நாலாவதாக பேஸ் கிட்டாருக்கு ஒருவன் இருந்தான். அவன் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபோது கிட்டாரை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கிடங்கில்தான் பயிற்சி. ஷட்டரில் ஆள் உயரத்துக்கு ‘இங்கே நிறுத்தாதீர்’ என்று எழுதியிருக்கும். முதல் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டவர்கள் போனில் குழுவின் பெயரைக் கேட்டபோது தம்பி அந்த ஷட்டருக்கு எதிரே நின்றிருந்தான். பார்த்ததைப் படித்துவிட்டான். அதற்குப் பிறகு போஸ்டரே தேவைப்படவில்லை என்பது மெக்கானிக்கின் பெருமை. ஊரில் பாதி கேட்டில் அவர்கள் பெயர்தான் தொங்கியது.

பேஸ் வாசிக்க ஆள் தேடி இரண்டு மாதம் அலைந்த பிறகு, ஒரு நாள் கணவன் அவளிடம் கேட்டான். பாதி விளையாட்டாகத்தான் கேட்டான். உனக்குக் கை நடுங்காது, அது போதும் என்றான். அவள் எத்தனை கம்பி என்று கேட்டாள். நாலு என்றான். சரி என்றாள்.

கணவன் சொல்லிக்கொடுத்தது இரண்டு நாள். மூன்றாம் நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மெக்கானிக் குறுக்கே புகுந்து, டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

“அக்கா, நீங்க பாட்டையே கேக்காதீங்க. என் வலது காலை மட்டும் பாருங்க. கால் இறங்குறப்போ கம்பியைத் தட்டுங்க.”

ஆறு வாரத்தில் அவள் தேறிவிட்டாள். பெரிய ஞானம் என்று சொல்ல முடியாது. தப்பு செய்யமாட்டாள், அதைத் தாண்டி ஒன்றும் செய்யவும் மாட்டாள். மேடையில் கொழுந்தனுக்கு இடப்பக்கம் ஓரடி பின்னால் நின்று, லேபுக்குப் போட்டுப்போகும் அதே தட்டை ஷூவோடு, கூட்டத்தைப் பார்க்காமல் வாசிப்பாள். கூட்டம் பாடுகிறவனைப் பார்க்கும், கிட்டார்காரனைப் பார்க்கும், டிரம்ஸ் சத்தம் வந்தால் மெக்கானிக்கைப் பார்க்கும். அவளைப் பார்க்க யாருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை. அவளும் அதைக் குறையாக எண்ணவில்லை. அவள் செய்யும் பல்லும் அப்படித்தான். யார் கண்ணிலும் படாவிட்டால்தான் அது நல்ல வேலை.

முதல் நாலு வருஷம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. கல்லூரி அரங்கு, புத்தகக் கடை மாடி, யாரோ ஒருவருடைய கடைத் திறப்பு. நாற்பது பேர் வந்தால் நல்ல கூட்டம். மாமியார் எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார். தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை அசையாமல் பார்த்துவிட்டு, இரண்டு மகன்களும் ஒரே இடத்தில் சண்டை போடாமல் நிற்பதைப் பார்க்கத்தான் வருகிறேன் என்பார்.

ஐந்தாம் வருஷம் மெக்கானிக் ஒரு கதை கொண்டுவந்தார். ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஓர் அம்மாள் தனியாக மாட்டிக்கொண்டிருந்தார். மேலே அவருடைய கணவர் படுத்திருக்கிறார், பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். பழுது பார்க்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் மெக்கானிக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பேசிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவை அந்தக் குரல் உடையும்போதும், “கொஞ்சம் பொறுங்க, வந்துட்டே இருக்கேன்” என்று சொல்லியிருக்கிறார். கதவு திறந்ததும் அந்த அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறி ஓடிவிட்டார். மேலே என்ன ஆயிற்று என்று மெக்கானிக்குக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை என்றார்.

கொழுந்தன் அதைப் பாட்டாக்கினான். ‘கொஞ்சம் பொறுங்க’ என்று தொடங்கும் நாலே வரிப் பல்லவி. கூப்பாடு இல்லை, கதவோடு வாயை வைத்துப் பேசுகிறமாதிரிப் பாடினான். தொடக்கத்தில் ஏதாவது வேண்டும் என்று அவன் சொன்னபோது, அவள் விரல் போன போக்கில் நாலு சுரம் தட்டினாள். கீழேயிருந்து ஒவ்வொன்றாக ஏறி, நாலாவதுக்கு முன்னால் ஒரு கணம் தயங்கி நிற்கும். இதுவே இருக்கட்டும் என்றான்.

கிடங்கிலேயே பதிவு செய்தார்கள். உற்றுக் கேட்டால் பின்னால் டயர் கடையின் காற்றடிக்கும் சத்தம் கேட்கும். வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துபவர் ஒருத்தர் அதை ஒருநாள் போட்டார். மறுநாள், நேயர்கள் கேட்டு எழுதினார்கள் என்று மறுபடி போட்டார். மூன்று மாதத்தில் பாட்டு கைக்குக் கை, போனுக்குப் போன் பரவியது. நாற்பது பேர் வந்த இடத்தில் நானூறு பேர் வந்தார்கள். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கூட்டம் ஒரே குரலில் “நிறுத்தாதீர்” என்று கத்துவது வழக்கமாயிற்று. செருப்புக் கடையில் கொழுந்தனிடம் அளவு பார்க்க வரிசை நின்றது. அவளுக்கு மட்டும் எதுவும் மாறவில்லை. ஒரு பத்திரிகை குழுவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியது. மூன்று பேர் பெயரையும் போட்டுவிட்டு, அவளை ‘பேஸ் வாசித்தவரும் உடனிருந்தார்’ என்றது. கணவன் கோபப்பட்டான். உடனிருந்தது உண்மைதானே என்றாள் அவள்.

அந்தச் சமயத்தில் ஓர் இணைய இணைப்பு நிறுவனத்திலிருந்து கணவனுக்குக் கடிதம் வந்தது. புகார் சொல்ல போன் செய்கிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பாட்டின் முதல் நாற்பது விநாடியைப் போட அனுமதி வேண்டுமாம். குழுவின் கடிதப் போக்குவரத்தெல்லாம் கணவன் பொறுப்பு. காலைச் சாப்பாட்டு மேசையில் கையெழுத்துப் போட்டான். தம்பிக்கு இது பிடிக்காது என்று இருவருக்கும் தெரியும். லட்சக்கணக்கான பேர் காதில் விழும், அவனே அப்புறம் சந்தோஷப்படுவான் என்று கணவன் சொன்னான். அவனிடம் எப்போது சொல்வது என்று அவள் கேட்டாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு லேபுக்குக் கிளம்பினாள்.

அப்புறம் என்பது வரவேயில்லை. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தன் வந்தான். மாமியார் மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். யாரோடும் பேசாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தான். நாலு சுரம் ஏறியது. அவனுடைய குரல் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், நீங்கள் வரிசையில் பதினேழாவது இடத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிவித்தது.

“ரெண்டு நாளா வீட்டுல நெட் இல்ல. கம்ப்ளெய்ன்ட் பண்ண போன் போட்டேன்,” என்றான். “நானே என்னைப் பொறுக்கச் சொல்றேன்.”

கணவன் விளம்பரம், வாய்ப்பு என்று என்னவோ ஆரம்பித்தான். கொழுந்தன் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

“அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“கையெழுத்து போட்ட அன்னைலேர்ந்து.”

போன் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. மாமியார் உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டபடி, “பதினாறாயிடுச்சு” என்றார்.

அன்றைக்கே அவன் விலகியிருக்கலாம். விலகவில்லை. காரணம் எளிது: அந்தப் பாட்டு அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே பெரிதாயிற்று. அந்த நிறுவனத்தின் இணைப்பு அடிக்கடி போகும். ஆகவே ஊர் உலகத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் அதைக் கேட்டிருந்தார்கள். குழந்தைகள் அந்த நாலு சுரத்தை மூக்கால் பாடின. நானூறு பேர் நாலாயிரமானார்கள். வேன் வாங்கினார்கள், வாரக் கடைசியில் வெளியூர் போனார்கள். ஆனால் அவள் நாலு சுரத்தைத் தட்டியதும், வந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். முதலில் யாரோ நாலு பேர் செய்த வேடிக்கை அது. பிறகு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. நாலாயிரம் பேர், காதில் போன், முகத்தில் பொய்ச் சலிப்பு. மெக்கானிக்குக்குச் சிரிப்பு தாங்காது. கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான்.

அவன் செய்யாத முயற்சி இல்லை. பாட்டை முதலில் வைத்துப் பார்த்தான். பாட்டு முடிந்ததும் பாதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள். கடைசியில் வைத்தான்; அதுவரை கூட்டம் தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தது. பாடாமலே விட்டான், விளக்கை அணைத்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பதினொரு புதிய பாட்டு எழுதினான். அவற்றில் காயாத சிமெண்ட் தரையில் கால் வைத்துவிட்டவனைப் பற்றி ஒன்று. அவளுக்கு அது மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அதை அவனிடம் சொன்னதில்லை. பட்டாணி உரித்த அந்தக் காலைக்குப் பிறகு இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. எந்தச் சுருதி, எத்தனை மணிக்கு வண்டி, அவ்வளவுதான்.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு அந்தப் பொருட்காட்சித் திடல். ஒன்பது குழுக்கள், இவர்கள் நாலாவது. மாலை நாலரை மணி, வெயில் நேரே கண்ணில் அடித்தது. எதிரே எத்தனை ஆயிரம் பேர் என்று சொல்ல முடியாது. தலைகளுக்குப் பின்னால் வேலியே தெரியவில்லை. ஆறு பாட்டு முடிந்தது. கொழுந்தன் தலையை அசைத்தான். அவள் நாலு சுரத்தைத் தட்டினாள். திடல் முழுக்கப் போன்கள் காதுக்கு உயர்ந்தன.

அவன் இரண்டு வரி பாடினான். மூன்றாவது வரியை எடுக்கவில்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். இந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியுமா, ஓர் அம்மாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில் யாரோ அந்தப் பெண் குரலை அச்சு அசலாக நடித்து, “நீங்கள் வரிசையில் பதினேழாவது இடத்தில்” என்றார்கள். திடலே சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை; நெருக்கமானவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். அவன் மைக்கைக் கீழே வைத்தான். எறியவில்லை, குனிந்து வைத்தான். மேடைப் பின்புறப் படியில் இறங்கிப் போய்விட்டான். கணவன் கிட்டாரைக் கழற்றிவிட்டு அவன் பின்னாலேயே ஓடினான்.

மேடையில் மிச்சமிருந்தது அவளும் மெக்கானிக்கும். இருவரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். மெக்கானிக் அவளைப் பார்த்தார், அவள் நிறுத்தினால் நிறுத்தலாம் என்று. அவள் அவர் காலைப் பார்த்தாள். கால் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தட்டினாள். பல்லவி வரவேண்டிய இடம் வந்ததும் கூட்டம் பாடியது. முதலில் கேலியாக. இரண்டாவது சரணத்தில் போன்கள் காதிலிருந்து இறங்கின. அந்தச் சரணத்தில்தான் உள்ளே இருப்பவள், மேலே இருப்பவர் விழித்துக்கொண்டால் என்னைத் தேடுவாரே என்று கேட்பாள். அதை அவ்வளவு பேரும் ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். கொழுந்தன் பாடுகிற மாதிரியே, கத்தாமல். ஆறு நிமிடம் இருக்கும். கடைசிச் சுரத்தை அவள் தானாகவே நீட்டினாள். முடித்தபோது யாரும் “நிறுத்தாதீர்” என்று கத்தவில்லை. கைதட்டினார்கள்.

அன்று மாலையே அது போன்களில் பரவியது. பாடகர் இல்லாத பாட்டு என்று தலைப்பு.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் வேன் நின்றபோதுதான் கொழுந்தன் வாய் திறந்தான். இனி என்னைக் கூப்பிட வேண்டாம், கூட்டமே பாடிக்கொள்ளும் என்றான். அவன் போனதற்கு அவள் என்ன செய்வாள் என்று அண்ணன் கேட்டான். அதற்கப்புறம் பேச்சு கையெழுத்துக்குப் போயிற்று, அங்கிருந்து சின்ன வயதுக்குப் போயிற்று, அப்பாவின் கடைசி நாட்களில் யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் இல்லை என்பதற்குப் போயிற்று. அண்ணன் தம்பிக்குள் சொல்லக்கூடாதவை என்று சில உண்டு. அத்தனையையும் சொல்லித் தீர்த்தார்கள். தம்பி இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, எதிரே வந்த ஒரு பஸ்ஸைக் கைகாட்டி ஏறினான். அது எந்த ஊர் பஸ் என்று பார்த்தமாதிரியே தெரியவில்லை. அவள் மடியில் கிட்டாரோடு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வண்டியிலிருந்து இறங்கி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பாடவைத்து மூன்று மாதம் இழுத்துப் பார்த்தார்கள். அவள் கொழுந்தனைவிட நன்றாகவே பாடினாள். யாரும் வரவில்லை. கிடங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். டயர் கடைக்காரர் ஷட்டருக்குப் பச்சை வண்ணம் அடித்தார். வேனை மெக்கானிக்கின் மைத்துனர் வாங்கிக்கொண்டார். நிறுவனமும் ஒருநாள் பாட்டை மாற்றிப் புல்லாங்குழல் போட்டது. ஏழு வருஷத்துக் குழு இப்படி, ஒரு சத்தமுமில்லாமல் முடிந்தது.

தம்பி மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு ஊரில் வேறொரு செருப்புக் கடையில் சேர்ந்தான். அண்ணனோடு பேச்சு இல்லை. மாமியார் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே. இங்கிருப்பதை அங்கே சொல்லமாட்டார், அங்கிருப்பதை இங்கே சொல்லமாட்டார். பெட்டியில் போட்டுவரும் துணியைப் பார்த்துத்தான் அங்கே குளிரா வெயிலா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கணவன் அவளைக் குற்றம் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தபோது, “உனக்கு எதை எப்ப நிறுத்தணும்னே தெரியாதா?” என்று கேட்டுவிட்டான். குழாயைப் பற்றித்தான் கேட்டான். கேட்ட பிறகு இருவரும் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் கேட்டால் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, மெக்கானிக்கின் கால் நிற்கவில்லை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் சொல்லும்போதெல்லாம் ஏதோ பாக்கி வைத்துச் சொல்வதுபோல அவளுக்கே இருந்தது.

ஆறு வருஷம் கழித்து, அவள் லேபில் பீங்கான் பகுதிக்குத் தலைமையாகியிருந்தபோது, கூரியரில் ஒரு பெட்டி வந்தது. வெளியூர் மருத்துவமனை ஒன்றின் வேலை. ஆண், மேல் முன்பல் பாதியில் உடைந்தது, கேப் வேண்டும். அச்சை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். இடப்பக்கமாகத் திருப்பியபோது கை நின்றது. கீழ்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தோளை மட்டும் காட்டியது. மேல் கோரைப்பல் லேசாக வெளியே திரும்பியிருந்தது. ஏழு வருஷம், இதே பக்கத்திலிருந்து, இதே தூரத்தில், விளக்கு வெளிச்சத்தில் திறந்த வாயாக அவள் பார்த்தது அது. சீட்டில் எண் மட்டும்தான் இருந்தது. அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஒரு நாளில் முடிக்கிற வேலைக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் அனுப்பிவைத்தாள். ஒரு வாரத்தில் அந்த மருத்துவர் போன் செய்தார். பல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் ‘ச’ சொல்லும்போது காற்று போகிறதாம், நோயாளி ரொம்ப நுணுக்கம் பார்க்கிறார், பாடுகிறவராம். அவள், பேசும்போது உதடு எப்படி அசைகிறது என்று பார்த்துத்தான் சரிசெய்ய முடியும், ஆளையே அனுப்புங்கள் என்றாள். எந்த லேப் என்று நோயாளிக்குச் சொல்லிவிட்டுத்தான் மருத்துவர் அனுப்பினார். வராமல் இருந்திருக்கலாம். வந்தான்.

முன்தலை ஏறியிருந்தது. செருப்பு மட்டும் புதிது. “அண்ணி” என்றான். அவள் ஜன்னலோர நாற்காலியைக் காட்டினாள். முகக்கவசம் போட்டிருந்ததால் அவள் முகம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

சாவி சொல், சோப்பு சொல், சீட்டு சொல் என்றாள். சொன்னான். செருப்பு சொல் என்றாள். விசில் அடித்தது. நாளைக்கு நூறு தடவை சொல்ல வேண்டிய வார்த்தை அது என்றான். அவள் தற்காலிகமாக ஒட்டியிருந்த பல்லைக் கழற்றி வாங்கி, பின்பக்கத்தை மயிரிழை தேய்த்தாள். மறுபடி மாட்டி, மறுபடி சொல்லவைத்தாள். மூன்றாவது தடவை தேய்த்துக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் பேசினாள்.

“அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கே உனக்கு போன் பண்ணியிருக்கணும். பண்ணல. தப்பு என்மேலயும்தான் தம்பி.”

“அதை எப்பவோ விட்டுட்டேன் அண்ணி.” பல் இல்லாமல் பேசியதால் வார்த்தை குழறியது. கையால் வாயை மறைத்துக்கொண்டான். “திடல்ல ஏன் நிறுத்தல? அதுதான் எனக்குப் புரியல. அண்ணன் நிறுத்திட்டான்ல.”

அவள் வழக்கமான பதிலை எடுத்தாள். மெக்கானிக்கின் கால் என்று தொடங்கினாள். பிறகு தேய்க்கும் இயந்திரத்தை அணைத்தாள்.

“நிறுத்த மனசு வரல. நீ போனப்புறம்தான் நான் வாசிக்கிறது எனக்கே கேட்டுச்சு. அதுவரைக்கும் ஒருநாளும் கேட்டதில்ல.”

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே யாரோ லாரியிலிருந்து கண்ணாடிப் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்று இறங்கி முடியும்வரை பார்த்தான்.

“நான் எங்கயும் போகல அண்ணி. வேனுக்குப் பின்னாடி நின்னு முழுசாக் கேட்டேன். நல்லா இருந்துச்சு. அதான் தாங்கல.”

அவள் பல்லைத் துடைத்து அவனிடம் கொடுத்தாள். மாட்டிக்கொண்டான். செருப்பு என்றான். சரியாக வந்தது.

அது மாமியார் இங்கே இருந்த மாதம். அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவளோடு வீட்டுக்கு வந்தான். கணவன் கதவைத் திறந்து, தம்பியைப் பார்த்து, வழிவிட்டான். இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து அம்மாவோடு பேசினார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை. தம்பி கிளம்ப எழுந்து, ஐந்து மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னான். கணவன் சுவரைப் பார்த்து, “அஞ்சு மணி வண்டியை எடுத்துட்டாங்க. அஞ்சே முக்கால்தான்” என்றான். அவன் திரும்ப உட்கார்ந்தான். அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மாமியார் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்விட்டார்.

குழு மறுபடி சேரவில்லை. வானொலிக்காரர் ஒருமுறை நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்டார். நாலு பேரும் தனித்தனியாகவே வேண்டாம் என்றார்கள். கொழுந்தன் அவன் ஊரில் சனிக்கிழமைதோறும் ஒரு நூலகத்துக் கூடத்தில் ஒற்றைக் கிட்டாரோடு பாடுகிறான். பதினைந்து பேர் வருவார்கள். சிமெண்ட் பாட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்களாம். மாதம் ஒருமுறை வந்து அம்மாவைப் பார்க்கிறான். அண்ணனும் தம்பியும் இப்போது சாதாரணமாகச் சண்டை போடுகிறார்கள். மெக்கானிக் பதவி உயர்ந்து இன்ஸ்பெக்டராகிவிட்டார். மூட்டுவலி, டிரம்ஸை விற்றுவிட்டார்.

அவள் போன வருஷம் பேஸுக்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினாள். வங்கியில் வேலை பார்த்த அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து, வாரம் ஒருநாள் வேலை முடிந்து இவள் வீட்டுப் பின்னறையில் இருவரும் வாசிக்கிறார்கள். பேஸும் குரலும் மட்டும். வேறு எதுவும் இல்லை. இதுவரை மூன்று பாட்டு சேர்ந்திருக்கிறது. இரண்டு அந்தப் பெண் எழுதியது. மூன்றாவதை அவள் எழுதினாள். அதில் பேஸ் மட்டும் தனியாக ஒரு நிமிடம் வருகிறது. நீளம் அதிகமோ என்று அந்தப் பெண் கேட்டபோது, இருக்கட்டும் என்றாள்.